எந்தச் சாலட்டைச் செய்யலாம்? தக்காளியின் தண்ணீரைக் கேட்டு முடிவெடுங்கள்

போன மாதம் வீட்டுக்கு எட்டுப் பேர் சாப்பிட வந்திருந்தார்கள். சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், சாலட் மட்டும் என் பொறுப்பு. கிரேக்க சாலட் செய்யப்போகிறேன் என்று பெருமையாக அறிவித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கே தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கலந்து மூடி வைத்தேன். ஒன்றரை மணிக்கு மூடியைத் திறந்தால் உள்ளே சாலட்டைக் காணோம், பச்சை ரசம்தான் இருந்தது. சித்தப்பா கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்த்துவிட்டு, "இதைச் சோத்துல ஊத்திக்கணுமா, அப்படியே குடிக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். தக்காளியும் கிட்டத்தட்ட அவ்வளவே. கத்தி பட்டு உப்பும் பட்டால் அந்தத் தண்ணீர் வெளியே வந்தே தீரும். எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு வேகமாக வரும். வெள்ளரிப் பச்சடிக்கு உப்பைக் கடைசியில் போடு என்று வீட்டில் சொன்னபோதெல்லாம் தலையாட்டியவன், வெளிநாட்டுப் பெயர் கொண்ட சாலட் என்றதும் அதை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மத்தியதரைக்கடல் ஓரத்து சாலட்களை ஒவ்வொன்றாக வீட்டில் செய்து பார்த்தேன். ஏதென்ஸிலிருந்து இஸ்தான்புல், பெய்ரூட், காசா, துனிஸ் வரைக்கும் தட்டில் இருப்பது அதே தக்காளி, அதே வெள்ளரி, அதே வெங்காயம், அதே ஆலிவ் எண்ணெய். வேறு வேறு பெயர் எதற்கு என்று தோன்றும். செய்து பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் வேறு பதில் வைத்திருக்கிறது. எனவே எந்தச் சாலட் என்று முடிவெடுக்கச் சமையல் குறிப்பைத் தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசித்தால் போதும். எப்போது சாப்பிடப் போகிறோம், எதோடு சாப்பிடப் போகிறோம்.

இடையில் ஒரு வேடிக்கை. இந்தச் சாலட்டின் இரண்டு நாயகர்களுமே அந்தக் கடலோரத்துக்கு வந்தேறிகள். வெள்ளரிக்குச் சொந்த ஊர் நம் இமயமலை அடிவாரம். தக்காளி அமெரிக்கக் கண்டங்களிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போனது. அரிஸ்டாட்டில் கிரேக்க சாலட் சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்லை.

சரி, முதலில் கிரேக்கம். அங்கே இதன் பெயர் ஹோரியாத்திகி, அதாவது கிராமத்து சாலட். நான் செய்த தவறு முழுவதும் இதன் இலக்கணத்தை மீறியதுதான். ஹோரியாத்திகியில் எதையும் பொடியாக நறுக்க மாட்டார்கள். தக்காளி பெரிய பெரிய துண்டங்களாக, வெள்ளரி தடித்த அரைவட்டங்களாக, வெங்காயமும் பச்சைக் குடைமிளகாயும் வளையங்களாக இருக்கும். கூடவே கலமாத்தா ஆலிவ் காய்கள். மேலே ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் ஒரு பாளமாக வைத்து, உலர்ந்த ஒரிகானோவைத் தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார்கள். லெட்யூஸ் இலை கிடையாது. கலக்கித் தருவதும் கிடையாது. சாப்பிடுகிறவர் பாலாடைக்கட்டியை முள்கரண்டியால் உடைத்துக்கொள்ள வேண்டும்.

துண்டு பெரிதாக இருப்பதால் தண்ணீர் மெதுவாக இறங்கும். ஃபெட்டாவே உப்பாக இருப்பதால் தனி உப்பும் குறைவாகத்தான் போடுவோம். அப்படியும் இறங்குகிற தண்ணீர் தட்டின் அடியில் எண்ணெய், ஒரிகானோ, உடைந்த ஃபெட்டா துணுக்குகளோடு சேர்ந்து கிடக்கும். கிரேக்கர்கள் ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அதற்கென்றே 'பப்பாரா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சாலட்டைவிட அந்தக் கடைசித் துண்டு ரொட்டிதான் ருசி என்பேன்.

எனவே கிரேக்க சாலட்டுக்குத் தவிர்க்க முடியாதவை இரண்டு: நல்ல ஃபெட்டா, மேல்தோல் மொறுமொறுப்பான ரொட்டி. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஃபெட்டா என்ற பெயரைக் கிரீஸுக்கே உரியதாகப் பதிவு செய்தது. ஆட்டுப்பாலில்தான் செய்ய வேண்டும். முக்கியமாகச் செம்மறி ஆட்டின் பால், வெள்ளாட்டுப் பால் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இங்கே அது பெரிய கடைகளில்தான் கிடைக்கிறது, விலையும் அதிகம். பன்னீரை உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறவைத்துப் போட்டுப் பார்த்தேன். சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது உப்புப் பன்னீர்தான், ஃபெட்டா ஆகவில்லை. பீட்சாவோடு வந்து சமையலறை இழுப்பறையில் சேர்ந்துகிடக்கும் ஒரிகானோ பொட்டலங்களையும் நம்ப வேண்டாம். பலவற்றில் உப்பும் பூண்டும் இன்னும் என்னென்னவோ கலந்திருக்கும். ஃபெட்டாவும் ரொட்டியும் கையில் இல்லாத நாளில் நான் இதைத் தொடுவதில்லை. சோற்றுக்கும் பிரியாணிக்கும் பக்கத்தில் வைக்கவும் இது தோதுப்படாது. வாய் கொள்ளாத துண்டுகளைச் சோற்றோடு எப்படிப் பிசைவது?

சைப்ரஸ் தீவில் இதே சாலட்டில் பச்சைக் கொத்தமல்லி போடுகிறார்கள். பார்ஸ்லி கிடைக்காமல் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கூச்சப்படுகிறவர்கள், இது சைப்ரஸ் முறை என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது துருக்கி. சோபான் சலாத்தா, மேய்ப்பன் சாலட். நம் வீடுகளுக்கு அன்றாடம் ஒத்துவருவது எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான். விரல் நகம் அளவுத் துண்டுகள். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், நீளமான பச்சை மிளகாய், பார்ஸ்லி, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், உப்பு. பாலாடைக்கட்டி கட்டாயமில்லை. துருக்கியர் போடும் அந்த நீள மிளகாய் அவ்வளவாகக் காரமில்லாதது. குடைமிளகாயைவிட நம் பஜ்ஜி மிளகாய்தான் அதற்குக் கிட்டே வருகிறது. விதையை நீக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சாலட்டில் தண்ணீரைத் தடுக்கப் பார்ப்பதே இல்லை. எலுமிச்சையோடும் எண்ணெயோடும் அது சேரட்டும், புளிப்பாக ஒரு சாறு ஊறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சுட்ட இறைச்சிக்கும், வெண்ணெய் போட்ட பிலாவுக்கும், வேகவைத்த பீன்ஸுக்கும் அந்தச் சாறுதான் துணை. கரண்டியால் எடுத்துச் சோற்றின் மேல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நேரம் முக்கியம். உப்புப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டால் சாறும் இருக்கும், காயும் நறுக்கென்று இருக்கும். ஒரு மணி நேரம் விட்டால் மறுபடியும் என் பச்சை ரசம்தான்.

இதில் நான் கற்றுக்கொண்ட கைவேலை ஒன்று உண்டு. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, உப்பும் சுமாக்கும் போட்டு அரை நிமிடம் கையால் பிசைந்துவிட்டால் அதன் நெடி அடங்கிவிடும். சுமாக் என்பது அந்தப் பகுதியில் வளரும் ஒரு செடியின் சிவந்த காய்களை உலர்த்தி அரைத்த தூள். மணமான புளிப்பு. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் ஒரு பொட்டலம் வாங்கி வருவார்கள், மாதக்கணக்கில் வரும். இல்லாவிட்டால் கொஞ்சம் மாங்காய்த் தூள். அதன் மணம் வேறுதான், ஆனாலும் உலர்ந்த புளிப்பு என்ற அளவில் இடத்தை நிரப்பும்.

துருக்கியின் தெற்கே போனால் இதற்கு ஒரு பணக்கார உறவினர் உண்டு, காவுர்தா சாலட். அதே பொருட்களை இன்னும் பொடியாக நறுக்கி, வால்நட் பருப்பும், மாதுளைச் சாற்றைக் கருப்பாகக் காய்ச்சிய பாகும் சேர்ப்பார்கள். பாகும் பருப்பும் தண்ணீரைக் கெட்டியாக்கிப் பிடித்துக்கொள்கின்றன. விருந்துக்கு அழகு. தினமும் செய்ய வால்நட் விலை விடாது.

பொடியாக நறுக்குவதில் உச்சம் பாலஸ்தீனப் பக்கம். கடுகு அளவு என்று சொன்னால் மிகை, கடலைப்பருப்பு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், எலுமிச்சை, எண்ணெய், உலர்ந்த புதினா. பாலஸ்தீனர்கள் இதை அரபு சாலட் என்றும் உழவர் சாலட் என்றும் சொல்வார்கள். வெளியுலகில் இஸ்ரேலி சாலட் என்று பெயர் ஒட்டிக்கொண்டது, ஆனால் இஸ்ரேலிலேயே பலர் இதை அரபு சாலட் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். இஸ்ரேல் உருவான 1948க்கு முன்பே அந்த மண்ணின் அரபு வீடுகளில் இருந்த உணவு இது. பெயரில் அரசியல் இருக்கிறது, நான் உழவர் பக்கம். அதே சமயம், தோல் மெல்லிசாக, விதை தெரியாமல், கசப்பில்லாமல் இருக்கும் பெய்த் ஆல்ஃபா வெள்ளரி ரகம் உருவானது அங்குள்ள ஒரு கிபுட்ஸில், அதாவது கூட்டுப்பண்ணையில், என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் சாலட்டுக்குக் கத்திதான் எல்லாம். மொக்கைக் கத்தி தக்காளியை அறுக்காது, நசுக்கும். நசுங்கிய இடத்திலெல்லாம் தண்ணீர். தக்காளியின் விதைப் பகுதியை வழித்துவிட்டு நறுக்குவது ஒரு வழி. அந்தக் கொழகொழப்பில்தான் புளிப்பும் ருசியும் அதிகம் என்பதால் தூக்கிப்போட எனக்கு மனசு வராது, அதை எடுத்து ரசத்துக்கு வைத்துவிடுவேன். ஃபலாஃபெல் என்னும் கொண்டைக்கடலை வடை வைத்த ரொட்டிக்குள் அடைப்பது இந்தச் சாலட்டைத்தான். அதனால் கடைசி நிமிடத்தில்தான் உப்புப் போட வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டி ஊறிக் கையோடு வரும்.

தண்ணீர் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்றால் இங்கே ஒரு மருந்தும் உண்டு. தஹினி, அதாவது எள் விழுது. வெள்ளை எள்ளை லேசாக வறுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு மையாக அரைத்தால் வீட்டிலேயே தயார். எலுமிச்சைச் சாறு பட்டதும் தஹினி இறுகும். இரண்டு மூன்று கரண்டி சேர்த்துக் கலந்தால் அந்தத் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு வெண்மையான கூழ் போல எல்லாத் துண்டுகளையும் பூசிவிடும். அதற்கும் அங்கே தனிப் பெயர், தனி மரியாதை இருக்கிறது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் சித்தப்பாவிடமிருந்து தப்பித்திருப்பேன்.

இந்த வரிசையில் என்னைக் கட்டிப்போட்டது காசாவின் தக்கா. நறுக்குவதையே விட்டுவிட்டு இடிக்கிறார்கள். ஸிப்தியா என்னும் மண்சட்டியில் பூண்டு, உப்பு, பச்சை மிளகாய், சதகுப்பை விதை ஆகியவற்றை மரக் குழவியால் நசுக்கி, பிறகு தக்காளியைப் போட்டு மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவது. வெள்ளரி இதில் முக்கியமில்லை. அந்த வட்டாரத்திலேயே காசாக்காரர்களுக்குக் காரம் பிடிக்கும் என்று பெயர். தண்ணீர் இங்கே பிரச்சினையே இல்லை, அதுதான் உணவே. அம்மியிலோ சின்ன உரலிலோ செய்யலாம். சதகுப்பை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சாலட் என்றால் முகம் சுளிக்கிற, துவையலுக்கு உருகுகிற ஆள் வீட்டில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். தோசைக்குக்கூடப் போகும். காசாக்காரர்கள் மன்னிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

லெபனானும் சிரியாவும் தண்ணீரை ரொட்டிக்கே குடிக்கக் கொடுக்கின்றன. அதுதான் ஃபத்தூஷ். மிஞ்சிப்போன ரொட்டியைப் பொரித்தோ வாட்டியோ நொறுக்கிச் சாலட்டில் சேர்ப்பது. பெயரிலேயே நொறுக்குதல் என்ற பொருள் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் பலருக்கு முதலில் பழக்கமான மத்தியதரைக்கடல் சாலட் இதுவாகத்தான் இருக்கும். முதல் நாள் குப்பூஸ் ரொட்டி மறுநாள் ஃபத்தூஷ். தக்காளி, வெள்ளரியோடு லெட்யூஸ், முள்ளங்கி, புதினா, பார்ஸ்லி எல்லாம் சேரும். சுமாக் இங்கே விருப்பத்துக்கு விட்டது இல்லை, கட்டாயம். பாரம்பரியமாகப் போடும் இன்னொரு கீரையின் பெயர் பக்லே. அது என்னவோ என்று தேடிப் பார்த்தால் நம் பருப்புக்கீரை! கூட்டு வைக்கிற அதே கொழுகொழுப்பான, லேசாகப் புளிக்கிற கீரை. பச்சையாக, இளந்தளிராகப் பறித்துப் போட்டால் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஃபத்தூஷ் செய்யத் தீர்மானித்தால் ரொட்டியைத் தனியாக வைத்துக்கொண்டு, பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும். பாதி ஊறி, பாதி மொறுமொறுப்பாக இருக்கும் ஒரு ஐந்து நிமிடம் வரும், அதற்காகத்தான் இவ்வளவும். சப்பாத்தியை வாட்டிப் போட்டால் தோல் போல ஆகிவிடுகிறது, பொரித்தால் பரவாயில்லை. பொருட்களின் பட்டியல் நீளம் என்பதுதான் குறை. ஆனால் பாலாடைக்கட்டி இல்லாமலே வயிறு நிறையும்.

துனிசியாவில் பொடி நறுக்கலில் உலர்ந்த புதினாவைத் தூவி, சில வீடுகளில் ஆப்பிளும் சேர்த்து, மேலே சூரை மீனும் அவித்த முட்டையும் வைத்து ஒரு வேளைச் சாப்பாடாகவே ஆக்கிவிடுகிறார்கள். பல்கேரியாவின் ஷோப்ஸ்காவில் வெள்ளைப் பாலாடைக்கட்டியைப் பனி போலத் துருவி மூடுவார்கள். வெள்ளை, பச்சை, சிவப்பு என்று அந்நாட்டுக் கொடியின் நிறங்கள் வந்துவிடும். பழங்கால கிராமத்து உணவு போல் தெரிந்தாலும் 1950களில் அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் சமையல்காரர்கள் உருவாக்கியது. பல்கேரியா மத்தியதரைக்கடல் ஓரத்தில் இல்லை என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடையில் சில முடிவுகள் காத்திருக்கும். நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா? சோபானுக்கும் அரபு சாலட்டுக்கும் கெட்டியான பெங்களூர்த் தக்காளி. ரொட்டியால் துடைத்துச் சாப்பிடும் ஹோரியாத்திகிக்கும் இடிக்கும் தக்காவுக்கும் பழுத்த நாட்டுத் தக்காளி. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், மணம் போய்விடும். வெள்ளரியில் பிஞ்சாகப் பாருங்கள். காம்புப் பக்கம் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, கசந்தால் அந்தக் காயை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். முற்றிய காய்தான் கிடைத்தது என்றால் நடுவில் விதையைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பலிக்காது. பொமேஸ் என்று எழுதியிருக்கும் ஆலிவ் எண்ணெய் விலை குறைவு. ஆனால் அது பிழிந்த சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது, பொரிக்கலாம், சாலட்டில் அதற்கு வேலையில்லை. எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று எழுதியிருப்பதைச் சின்னப் புட்டியாக வாங்கினால் போதும். நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், தக்காளி எங்கே போனதென்றே தெரியவில்லை. நம் ஊர் எலுமிச்சை அவர்களுடையதைவிடச் சின்னது, ஆனால் புளிப்பு காட்டமானது. அவர்கள் குறிப்பில் ஒரு பழம் என்று இருந்தால் நான் அரைப் பழத்தில் தொடங்கி ருசி பார்ப்பேன்.

இப்போதைக்கு என் வீட்டுக் கணக்கு இப்படி இருக்கிறது. சோறு, பிரியாணி, கறி எதுவாக இருந்தாலும் சோபான். நாலு பேருக்கு அரைக் கிலோ தக்காளி, நடுத்தர வெள்ளரி இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பஜ்ஜி மிளகாய் இரண்டு, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. ஃபெட்டா வாங்கிய வாரத்தில் ஹோரியாத்திகி, அன்று இரவு சாப்பாடே அதுவும் ரொட்டியும்தான். விருந்தாளிகள் தாமதமாக வருவார்கள் என்று தெரிந்தால் ஃபத்தூஷ். காய்களை உப்பில்லாமல் நறுக்கி, ரொட்டியைப் பொரித்துத் தனித்தனியாக மூடிவைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். டிபன் டப்பாவில் கட்டிக்கொண்டு போக இவற்றில் எதுவுமே சரிவராது. தக்கா வேண்டுமானால் ஒரு புட்டியில் தாங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கிண்ணத்தில் பாதி மிஞ்சி, அது ஊறித் தண்ணீராகிவிட்டால் கொட்டிவிடாதீர்கள். ஸ்பெயினின் அந்தலூசியாவில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, காய்ந்த ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, கோடையில் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். கஸ்பாச்சோ என்று பெயர். மிஞ்சிய சாலட்டோடு ஒரு துண்டு ரொட்டியையும் ஒரு பல் பூண்டையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் கிட்டத்தட்ட அதுதான். சித்தப்பாவுக்குப் போன வாரம் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அன்னைக்கே இதத்தான கேட்டேன்" என்றார்.